உயிர்காப்புப் படகும் 45 மதிப்பெண்ணும்

வேல்ஸின் தென்கரையில், பிரிஸ்டல் கால்வாயைப் பார்த்தபடி செயின்ட் டோனட்ஸ் என்ற இடைக்காலக் கோட்டை நிற்கிறது. மதிலைத் தாண்டிக் கீழே இறங்கினால் கூழாங்கல் நிறைந்த சிறிய கடற்கரை. ஓதம் ஏறும்போதும் வற்றும்போதும் நீர்மட்டத்தில் ஏற்படும் வேறுபாடு உலகிலேயே மிக அதிகமாக உள்ள கடற்பகுதிகளில் இது ஒன்று. 1960களில் இந்தக் கோட்டையில் தொடங்கப்பட்ட பள்ளியின் மாணவர்கள் இங்கே பாய்மரப் படகு ஓட்டப் பழகினார்கள். யாராவது கவிழ்ந்தால் தூக்கி எடுப்பதற்காகக் காற்றடைத்த படகுகள் உடன் போகும். தத்தளிப்பவர் மீது மோதினாலும் காயம் படாது என்பதால் அவை இந்த வேலைக்கு ஏற்றவை. ஆனால் நாள்தோறும் கூழாங்கற்கள் மீது இழுத்ததில் அவற்றின் அடித்துணி தேய்ந்து கிழிந்தது. அலையில் வேகமெடுத்தால் படகு நடுவில் துவண்டது. பழுதுபார்க்கும்போது மாணவர்கள் அடியில் ஒரு ப்ளைவுட் பலகையை ஒட்டிப் பார்த்தார்கள்.

அந்த ஒட்டுவேலையிலிருந்து தொடங்கியது ஒரு நீண்ட சோதனை. பள்ளியின் முதல் தலைமை ஆசிரியர் ரியர் அட்மிரல் டெஸ்மண்ட் ஹோர் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி. அவரும் பதினேழு, பதினெட்டு வயது மாணவர்களும் பலகையின் வடிவத்தை மாற்றினார்கள், கடலில் இறக்கினார்கள், உடைந்ததை மறுபடி கட்டினார்கள். கெட்டியான அடிப்பாகமும் காற்றடைத்த பக்கங்களும் கொண்ட ஒரு புதிய வகைப் படகு பிறந்தது. இன்று உலகெங்கும் கடலோரக் காவல் படைகளும் கடற்படைகளும் பயன்படுத்தும் வகை அது. அதன் காப்புரிமையை 1973இல் ஹோர், பிரிட்டனின் உயிர்காப்புப் படகு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ.க்கு ஒரே ஒரு பவுண்டுக்குக் கொடுத்துவிட்டார். அந்த அமைப்பு 1972இல் சேவையில் இறக்கிய படகின் பெயர் அட்லாண்டிக் 21. அந்தப் பள்ளியின் பெயர் அட்லாண்டிக் கல்லூரி.

இந்தச் சாதனையை எந்த மதிப்பெண் பட்டியலில் எழுதுவது? இயற்பியலிலா, கைத்தொழிலிலா, நன்னடத்தையிலா? பன்னாட்டு உறைவிடப் பள்ளிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் இரண்டு தனித்தனிக் கேள்விகளைக் கேட்கிறோம். பிள்ளைகள் அங்கே எப்படி வாழ்கிறார்கள் என்பது ஒன்று, என்ன மதிப்பெண் வாங்குகிறார்கள் என்பது மற்றொன்று. செயின்ட் டோனட்ஸில் தொடங்கிய மரபு இந்த இரண்டையும் ஒரே கேள்வியாகத்தான் பார்த்தது. அதைப் புரிந்துகொள்ளாமல் இத்தகைய பள்ளிகளின் தேர்வு முடிவுகளைப் படிப்பது, பாதிப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மீதியைப் படிப்பது போன்றது.

சிறையிலிருந்து வந்த ஆசிரியர்

இந்த மரபின் வேரில் இருப்பவர் குர்ட் ஹான். 1886இல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1920இல் தென் ஜெர்மனியின் சாலெம் என்ற இடத்தில் ஓர் உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். 1932இல் நாஜி அடியாட்கள் ஒரு தொழிலாளியை அவருடைய தாயின் கண்ணெதிரே அடித்துக் கொன்றார்கள். கொலையாளிகளுக்கு ஆதரவாக ஹிட்லர் தந்தி அனுப்பினார். ஹான் தம் பள்ளியின் முன்னாள் மாணவர்களுக்குக் கடிதம் எழுதினார்: ஹிட்லரா, சாலெமா, இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள் என்பதே அதன் சாரம். மறு ஆண்டே நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அவர் சிறையில் அடைக்கப்பட்டார். பிரிட்டனில் இருந்த நண்பர்களின் தலையீட்டால் விடுதலையாகி அங்கே போய்ச் சேர்ந்தார். 1934இல் ஸ்காட்லாந்தில் கோர்டன்ஸ்டவுன் பள்ளியைத் தொடங்கினார்.

நன்றாகப் படித்த, இசை கேட்கிற, இலக்கியம் அறிந்த ஒரு சமூகம் எப்படிக் கொலைக்குத் துணைபோனது என்ற கேள்வி ஹானை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. அறிவை வளர்த்தால் இரக்கம் தானாக வளரும் என்ற நம்பிக்கையை அவர் கைவிட்டுவிட்டார். இரக்கத்துக்கும் பயிற்சி தேவை, அதற்கும் கால அட்டவணையில் மணி ஒதுக்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. கடலில் ஒருவரைக் காப்பாற்றக் கற்றுக்கொண்ட மாணவன், மனித உயிரின் விலையைக் கையால் தொட்டு அறிந்தவன் ஆகிறான். அட்லாண்டிக் கல்லூரியில் உயிர்காப்புப் படகு வந்து சேர்ந்த காரணம் இதுதான்.

1955இல் பாரிஸில் நேட்டோவின் பாதுகாப்புக் கல்லூரியில் உரையாற்ற ஹான் அழைக்கப்பட்டார். பத்து ஆண்டுகளுக்கு முன்பு ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த நாடுகளின் அதிகாரிகள் அங்கே ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் படித்தார்கள். நாற்பது வயது ராணுவ அதிகாரிகளால் இது முடியுமென்றால் பதினாறு வயதுப் பிள்ளைகளால் முடியாதா? அந்த எண்ணம் பள்ளியாக மாற ஏழு ஆண்டுகள் ஆயின. அந்தோனின் பெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் செயின்ட் டோனட்ஸ் கோட்டையை வாங்கி அன்பளிப்பாகக் கொடுத்தார். 1962 செப்டம்பரில் அட்லாண்டிக் கல்லூரி திறந்தது. முதலில் ஆண்களுக்கு மட்டுமே இடம். 1967இல் பெண்களும் சேர்ந்தார்கள்.

நால்வர் அறை

பதினாறு வயதில் வந்து பதினெட்டு, பத்தொன்பது வயதில் வெளியேறும் இரண்டு ஆண்டுப் படிப்பு இது. சுமார் 350 மாணவர்கள், ஏறக்குறைய 90 நாடுகள். சீருடை கிடையாது. கோட்டையின் பெரிய கூடம் ஒன்றின் மரக்கூரை, அமெரிக்கப் பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் இந்தக் கோட்டையின் சொந்தக்காரராக இருந்தபோது, பிராடன்ஸ்டோக் என்ற பழைய மடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தது. அதைப் பெயர்த்ததை எதிர்த்து அக்காலத்தில் பெரிய கூச்சல் எழுந்தது. இன்று அந்தக் கட்டடங்களுக்குள் பதின்ம வயதுப் பிள்ளைகள் தட்டேந்தி நிற்கிறார்கள்.

ஆனால் இந்தப் பள்ளியின் உண்மையான வகுப்பறை அந்தக் கூடமல்ல, விடுதி அறைதான். ஓர் அறையில் நான்கு பேர் என்பது நெடுங்கால வழக்கம். ஒரே நாட்டினரை ஒரே அறையில் போடுவதைத் தவிர்ப்பார்கள். நினைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு இரவு பத்து மணிக்கு விளக்கணைக்க வேண்டும், இன்னொரு பிள்ளைக்கு அப்போதுதான் படிப்பே தொடங்கும். ஒருவர் விடியலுக்கு முன் எழுந்து நோன்புக்காகச் சாப்பிட வேண்டும். ஒருவருக்குத் தனிமை என்றால் மரியாதை, மற்றவருக்குத் தனியாக விடுவது என்றால் அவமதிப்பு. ஜன்னலைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா என்பதற்கே ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடக்கும். பெற்றோர் இல்லை. ஆசிரியர் தலையிட வேண்டுமென்றால் விஷயம் முற்றியிருக்க வேண்டும். ஆகவே நான்கு பேரும் பேசித் தீர்த்தாக வேண்டும், அதுவும் நால்வரில் மூவருக்கு இரண்டாம் அல்லது மூன்றாம் மொழியாக இருக்கக்கூடிய ஆங்கிலத்தில்.

இந்த வாழ்க்கையை வெறும் இனிப்பாகச் சொல்வது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். முதல் பருவத்தின் வீட்டு ஏக்கம் கடுமையானது. நவம்பரில் வேல்ஸில் மாலை நான்கரைக்கெல்லாம் இருட்டிவிடும், மழை விடாது. வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த இருட்டே ஒரு நோய். தன் ஊரில் வகுப்பில் முதலாவதாக இருந்தவர், இங்கே வகுப்பு விவாதத்தில் வாக்கியம் அமைவதற்குள் பேச்சு வேறு இடத்துக்குப் போய்விடுவதைப் பார்த்து ஊமையாக உட்கார்ந்திருப்பார். சொந்த மொழியில் நகைச்சுவையாகப் பேசத் தெரிந்த ஒருவர், அந்நிய மொழியில் மந்தமானவராகத் தெரிவது எத்தனை பெரிய இழப்பு என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மன நல ஆலோசகர் என்ற பதவி இத்தகைய பள்ளிகளில் அலங்காரம் அல்ல. உறைவிடப் பள்ளியைத் தேர்வு செய்யும் பெற்றோர் ஆய்வுக்கூடத்தைப் பார்ப்பதற்கு முன், இரவு பதினொரு மணிக்கு அழுகிற பிள்ளை எந்தக் கதவைத் தட்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காலையில் வகுப்புகள், பிற்பகலில் சேவை என்பது இங்கே மரபாக வந்த நாள் ஒழுங்கு. உயிர்காப்புப் படகு, பாறைச் சரிவு மீட்பு, கடற்கரைக் காவல், பின்னாளில் சுற்றுவட்டாரத்தில் சமூகப் பணி, பண்ணை வேலை. செயின்ட் டோனட்ஸில் ஆர்.என்.எல்.ஐ.யின் மீட்பு நிலையம் 1963 முதல் 2013 வரை இயங்கியது. அதன் படகில் ஏறியவர்கள் மாணவர்கள். வகுப்பு நடுவில் அழைப்பு வந்தால் புத்தகத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார்கள். ஐம்பது ஆண்டுகள் அந்தக் கடற்பகுதியில் ஆபத்தில் சிக்கியவர்கள் பள்ளிப் பிள்ளைகளை நம்பினார்கள். பதினேழு வயதுக்காரரை இந்த அளவுக்கு நம்பிய சமூகம் வேறு எங்கும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

45 எப்படி வருகிறது

இப்போது மதிப்பெண்ணுக்கு வருவோம். தொடக்கத்தில் அட்லாண்டிக் கல்லூரி மாணவர்கள் பிரிட்டனின் ஏ லெவல் தேர்வையே எழுதினார்கள். அதில் ஒரு பெரிய சிக்கல். பதினாறு வயதிலேயே மூன்று பாடங்களுக்குள் சுருங்கிவிட வேண்டும். ஜெர்மானிய மாணவரோ பிரெஞ்சு மாணவரோ தன் நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்ப வேண்டுமானால் அந்தச் சான்றிதழ் போதாது. இதே தலைவலி 1924இல் தொடங்கப்பட்ட ஜெனீவா பன்னாட்டுப் பள்ளிக்கும் இருந்தது. அங்கே படித்த தூதரக, ஐ.நா. அதிகாரிகளின் பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டுத் தேர்வுக்குத் தனித்தனியே தயாராக வேண்டியிருந்தது. ஜெனீவாவின் ஆசிரியர்களும், ஆக்ஸ்ஃபோர்டில் கல்வித் துறைத் தலைவராக இருந்த அலெக் பீட்டர்சனும், அட்லாண்டிக் கல்லூரியும் சேர்ந்து யோசித்ததன் விளைவே இன்டர்நேஷனல் பாக்கலோரியட், சுருக்கமாக ஐ.பி. 1968இல் ஜெனீவாவில் அந்த அமைப்பு பதிவானது. பீட்டர்சன் அதன் முதல் தலைமை இயக்குநர். 1971இல் அட்லாண்டிக் கல்லூரி தேசியத் தேர்வை முற்றிலும் கைவிட்டு ஐ.பி.க்கு மாறியது.

ஆறு பாடங்கள். சொந்த மொழி இலக்கியம், இரண்டாம் மொழி, வரலாறு அல்லது பொருளாதாரம் போன்ற சமூகப் பாடம், ஓர் அறிவியல், கணிதம், ஒரு கலை. கலை வேண்டாமென்றால் அந்த இடத்தில் இன்னொரு அறிவியலோ சமூகப் பாடமோ எடுக்கலாம். மூன்று பாடங்களை 240 மணி நேரம் என்ற உயர் நிலையிலும், மூன்றை 150 மணி நேரம் என்ற பொது நிலையிலும் படிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 7. ஆக 42. மொத்தமான 45இல் மீதி 3 எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இந்தத் திட்டத்தின் உயிர் இருக்கிறது.

அந்த 3 மதிப்பெண்ணின் ஒரு பகுதி, அறிவுக் கோட்பாடு என்ற வகுப்பிலிருந்து வருகிறது. ஒரு கூற்று உண்மை என்று வேதியியலில் எப்படி முடிவு செய்கிறோம், வரலாற்றில் எப்படி, கணிதத்தில் எப்படி என்பதே அங்கே பாடம். காகிதத்தில் பார்த்தால் வறண்ட தத்துவம்தான். ஆனால் ஒரே தீவை ஃபாக்லாந்து என்று சொல்லும் பிரிட்டிஷ் மாணவரும் மால்வினாஸ் என்று சொல்லும் அர்ஜென்டினா மாணவரும் அடுத்தடுத்த நாற்காலியில் இருக்கும்போது அது வறண்ட தத்துவமாக இருப்பதில்லை. இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்த இருவர் தத்தம் பள்ளியில் பார்த்த வரைபடத்தை வரைந்து காட்டினால் போதும், ஒரு மாதத்துக்கான விவாதம் தயார். அறையில் தொடங்கிய சச்சரவு வகுப்பில் சான்றாக மாறும். வகுப்பில் கற்ற கேள்வி இரவில் அறைக்குத் திரும்பும். விடுதியும் பாடமும் ஒன்றையொன்று ஊட்டுகின்றன என்று நான் சொல்வது இதைத்தான்.

அடுத்தது 4,000 சொல் ஆய்வுக் கட்டுரை. தலைப்பை மாணவரே தேர்ந்தெடுக்க வேண்டும். வழிகாட்டும் ஆசிரியர் மொத்தமாக மூன்று முதல் ஐந்து மணி நேரம்தான் உதவலாம். ப்ளஸ் டூவில் ஆசிரியர் எழுதிப்போட்ட குறிப்பை மனப்பாடம் செய்து பழகியவருக்கு இது முற்றிலும் வேறு உலகம். இங்கே கேள்வியையே மாணவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். கேள்வி சரியாக அமையாவிட்டால் நான்காயிரம் சொல்லும் வீண். பல்கலைக்கழகத்தின் முதல் ஆண்டில் மற்றவர்கள் தடுமாறும் இடத்தில் ஐ.பி. மாணவர்கள் ஓரளவு நிதானமாக நிற்பதற்கு இந்த ஒரு பயிற்சியே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். இந்தக் கட்டுரையும் அறிவுக் கோட்பாடும் சேர்ந்துதான் அந்த 3 மதிப்பெண்.

மூன்றாவது அங்கம் படைப்பாக்கம், உடற்பயிற்சி, சேவை. இதற்கு மதிப்பெண்ணே கிடையாது. ஆனால் பதினெட்டு மாதங்கள் தொடர்ந்து செய்து, என்ன செய்தோம், அதில் என்ன மாறினோம் என்று எழுதி நிரூபிக்காவிட்டால், 42க்கு 42 வாங்கினாலும் டிப்ளமா கிடையாது. ஹானின் உயிர்காப்புப் படகு தேர்வு விதிமுறைக்குள் நுழைந்த இடம் இது. எண்ணாக மாற்ற முடியாததை எண்ணாக மாற்றாமலே கட்டாயமாக்கிய இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். சில பள்ளிகளில் இது வெறும் கோப்பு நிரப்பும் சடங்காகிவிடுகிறது என்பதும் உண்மையே.

தேர்ச்சிக்குக் குறைந்தது 24 வேண்டும். உலக சராசரி பல ஆண்டுகளாக 30ஐ ஒட்டியே இருக்கிறது. முழு 45 வாங்குபவர்கள் மிகச் சிலரே. நமக்குப் பழக்கமான 600க்கு 597 என்ற கணக்கோடு இதை ஒப்பிட முடியாது. 45க்கு 36 என்பதை நூற்றுக்கு எண்பது என்று பெருக்கிப் பார்த்து உறவினர் உதட்டைப் பிதுக்கினால் அது அந்தப் பிள்ளைக்கு இழைக்கப்படும் அநியாயம். 7 என்பது விழுக்காடு அல்ல, ஒரு தர நிலை. 36 வாங்கிய மாணவர் உலகின் நல்ல பல்கலைக்கழகங்கள் பலவற்றின் வாசலில் தலைநிமிர்ந்து நிற்கலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பள்ளியின் சராசரியை வைத்துப் பள்ளியை அளப்பது இங்கே பொருந்தாது. நுழைவிலேயே முதல் தரவரிசையினரை மட்டும் வடிகட்டி எடுக்கும் பள்ளி 40 சராசரி காட்டுவது இயல்பு. ஆங்கிலமே சரளமாக வராத, போரால் இரண்டு ஆண்டு படிப்பை இழந்த ஒருவரைச் சேர்த்துக்கொண்டு அவரை 28க்குக் கொண்டுவரும் பள்ளி செய்த வேலை அதைவிடப் பெரியது. தன் மொழி இலக்கியத்தைக் கற்பிக்கப் பள்ளியில் ஆசிரியரே இல்லை என்றாலும், மாணவர் அந்த இலக்கியத்தைப் பள்ளியின் துணையோடு தானே படித்துத் தேர்வு எழுத ஐ.பி.யில் வழி இருக்கிறது. எங்கிருந்து வந்தாலும் தாய்மொழியைக் கழற்றிவிட்டு வரவேண்டியதில்லை என்ற இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது.

யார் சேர்கிறார்கள்

அட்லாண்டிக் கல்லூரியைத் தொடர்ந்து உலகின் பல பகுதிகளில் பள்ளிகள் எழுந்தன. இன்று யுனைடெட் வேர்ல்ட் காலேஜஸ் என்ற பெயரில் 18 பள்ளிகள் இருக்கின்றன. சிங்கப்பூரில் ஒன்று, கனடாவில் ஒன்று, புனேக்கு அருகே மலைமேல் 1997இல் தொடங்கிய மஹிந்திரா கல்லூரி ஒன்று. 150க்கும் மேற்பட்ட நாடுகளில் தன்னார்வலர்களால் நடத்தப்படும் தேசியக் குழுக்கள் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. இவ்வாறு தேர்வாகிறவர்களில் பெரும்பாலோருக்கு முழுதாகவோ பகுதியாகவோ நிதியுதவி உண்டு.

செய்தித்தாள்களில் இடம்பிடிப்பதென்னவோ அரச குடும்பங்கள்தாம். நெதர்லாந்தின் இன்றைய மன்னர் வில்லெம் அலெக்சாண்டர், பெல்ஜியத்தின் பட்டத்து இளவரசி எலிசபெத், ஸ்பெயினின் பட்டத்து இளவரசி லியோனோர் ஆகியோர் செயின்ட் டோனட்ஸில் படித்தவர்கள். எனக்கு ஆர்வமூட்டுபவர்கள் வேறு சிலர். ஃபின்லாந்திலிருந்து உதவித்தொகையில் வந்த ஜோர்மா ஒலிலா பின்னாளில் நோக்கியாவின் தலைவரானார். கனடாவிலிருந்து வந்த ஜூலி பயேட் இரண்டு முறை விண்வெளிக்குப் போனார், பிறகு கனடாவின் கவர்னர் ஜெனரலானார். கார்டிஃப் நகரின் எளிய பகுதியிலிருந்து உதவித்தொகையோடு போன எலுனெட் மோர்கன் 2024இல் வேல்ஸின் முதலமைச்சர் பொறுப்புக்கு வந்தார். இளவரசியும் உதவித்தொகை மாணவியும் ஒரே குளியலறை வரிசையில் நிற்க வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

பள்ளி முடிந்ததும் பணம் தீர்ந்துபோனால் என்ன செய்வது? 2000ஆம் ஆண்டில் ஷெல்பி டேவிஸ் என்ற அமெரிக்க முதலீட்டாளர் இதற்கு ஒரு வழி செய்தார். இந்தப் பள்ளிகளில் படித்து முடித்தவர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்தால், அவர்களின் தேவைக்கேற்ற உதவித்தொகைக்காக அந்தப் பல்கலைக்கழகங்களுக்கு நிதி தரும் திட்டம் அது. பிரின்ஸ்டன், மிடில்பரி உள்ளிட்ட ஐந்து நிறுவனங்களில் தொடங்கியது, பின்னர் பல மடங்கு விரிந்தது. இந்தப் பள்ளிகளின் 'வெளிநாட்டுப் பல்கலைக்கழகச் சேர்க்கை' சாதனைகளைப் பார்க்கும்போது மாணவரின் திறமையோடு இந்தப் பணத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். இத்தகைய நிதி இல்லாத நூற்றுக்கணக்கான பன்னாட்டுப் பள்ளிகளில் சேர்வது பெற்றோரின் பணப்பையைப் பொறுத்ததாகவே இருக்கிறது. பெயரில் உலகம் இருந்தாலும் வகுப்பறையில் ஒரே வருமான வர்க்கம் மட்டும் இருந்தால் அந்த நால்வர் அறை பயனற்றது.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. அமெரிக்க மிஷனரிகள் தம் பிள்ளைகளுக்காக 1901இல் கொடைக்கானலில் ஹைக்ளர்க் என்ற பெயரில் தொடங்கிய பள்ளி, பின்னாளில் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் ஆனது. இந்தியாவில் முதன்முதலாக ஐ.பி. கற்பித்தது அதுதான். ஆண்டு 1976. பெருநகரங்களில் ஐ.பி. பள்ளிகள் பெருகுவதற்கு வெகுகாலம் முன்பே ஏரிக்கரையில் அது நடந்துவிட்டது.

இந்தியாவில் மேற்படிப்பு படிக்க நினைப்பவர்கள் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். ஐ.பி. டிப்ளமாவை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ப்ளஸ் டூவுக்கு இணையாக ஏற்கிறது. ஆனால் மே மாதத் தேர்வின் முடிவு ஜூலை தொடக்கத்தில்தான் வரும். அதற்குள் பல கல்லூரிகளில் சேர்க்கை நெருங்கிவிடும். மருத்துவம் படிக்க இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். ஐ.பி.யின் வழக்கமான ஆறு பாட அமைப்பில் இரண்டு அறிவியலுக்குத்தான் இடம். மூன்றையும் சேர்க்கத் தனி அனுமதியோ கூடுதல் பாடமோ தேவைப்படும். பதினோராம் வகுப்பின் முதல் வாரத்திலேயே இதைப் பேசி முடித்துவிட வேண்டும், பிறகு சரிசெய்வது கடினம்.

நிறவெறிக்கு எதிரே ஒரு குன்று

இந்த மரபு முழு வலிமையோடு வெளிப்பட்ட இடம் வேல்ஸ் அல்ல, ஆப்பிரிக்கா. தென்னாப்பிரிக்காவில் 1953ஆம் ஆண்டின் பாண்டு கல்விச் சட்டம் கறுப்பினப் பிள்ளைகளை வேலைக்காரர்களாக்கும் கல்விக்குள் அடைத்தது. மைக்கேல் ஸ்டெர்ன் என்ற ஆங்கிலேய ஆசிரியர் எல்லையைத் தாண்டி ஸ்வாசிலாந்துக்குப் போனார். தலைநகர் எம்பபானேக்கு மேலே ஒரு குன்றில் 1963இல் வாட்டர்ஃபோர்ட் பள்ளியைத் தொடங்கினார். எல்லா இனத்துப் பிள்ளைகளும் ஒரே அறையில் தூங்கும் பள்ளி. முதல் ஆண்டில் மாணவர்கள் 16 பேர். எல்லைக்கு அப்பால் அது சட்ட விரோதம், இப்பால் அது பள்ளி. மன்னர் இரண்டாம் சோபூசா அதற்குக் காம்லாபா என்ற பெயரையும் சேர்த்துக் கொடுத்தார். சிறைக்கம்பிகளுக்குப் பின்னால் இருந்த நெல்சன் மண்டேலாவின் மகள்கள் ஜெனானியும் ஜிண்ட்ஸியும் இங்கே படித்தார்கள். டெஸ்மண்ட் டுட்டுவின் பிள்ளைகளும் படித்தார்கள். நிறவெறி அரசு வீழ்வதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே, அது வீழ்ந்த பிறகு எப்படி வாழ்வது என்பதை ஒரு சிறு கூட்டம் அந்தக் குன்றின் மேல் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. இதை எந்தத் தேர்வு அமைப்பு மதிப்பிட முடியும்?

போஸ்னியாவின் மோஸ்டார் நகரிலும் இத்தகைய ஒரு கல்லூரி இருக்கிறது. அந்நகரின் பழைய கல் பாலம் 1993 நவம்பரில் குண்டுவீச்சில் நெரேத்வா ஆற்றில் விழுந்தது. 2004இல் திரும்பக் கட்டினார்கள். மனிதர்களுக்கிடையே இருந்த பாலம் அவ்வளவு எளிதில் எழவில்லை. நகரின் புகழ்பெற்ற பழைய ஜிம்னாசியம் பள்ளியில் குரோவாசிய மாணவர்களும் போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்) மாணவர்களும் ஒரே கூரையின் கீழ் இரு வேறு பாடத்திட்டங்களில் படிக்கிறார்கள். மொழி, வரலாறு, புவியியல் எல்லாம் தனித்தனி. அதே கட்டடத்தில்தான் 2006இல் யுனைடெட் வேர்ல்ட் காலேஜ் மோஸ்டார் தொடங்கப்பட்டது. நகரின் இரு கரைகளிலிருந்தும் பிள்ளைகள் விண்ணப்பிக்கிறார்கள். அவர்களுடைய அப்பாக்கள் போரில் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றிருக்கக்கூடும். இரண்டு ஆண்டுகள் ஒரே விடுதியில், வெளிநாட்டுப் பிள்ளைகளோடு கலந்து தங்கி, மே மாதம் தேர்வுக்கூடத்துக்குள் போகிறார்கள். அங்கே அவர்கள் மேசையில் வைக்கப்படுவது ஒரே வரலாற்று வினாத்தாள்.